குகை வாசலில் ஒன்பது மாதம் நின்ற மாப்பிள்ளை

மேலக்கருவேலங்குளம்,
முதுகுளத்தூர் தாலுகா.
ஆவணி 22, ஞாயிற்றுக்கிழமை.

என்றும் என் மதிப்புக்குரிய மாப்பிள்ளை திரு. நாகேந்திரன் அவர்களுக்கு,

மாமனார் குருநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும், உங்கள் அத்தை கனகலட்சுமியும், திருவிழாவுக்கு என்று வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் திரும்பிப் போகிற பேச்சே எடுக்காத உங்கள் மனைவி சிநேகாவும், இரண்டு எருமைகளும் சுகமாக இருக்கிறோம். மழைக்கு மட்டும்தான் சுகமில்லை. வானத்தைப் பார்த்து விதைக்கிற எங்களை வானம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அங்கே சென்னையில் நீங்களும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, ஆபீசில் நல்ல பெயரோடு இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது இந்த ஆள் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். நான் போன் போட்டால் நீங்கள் "சொல்லுங்க மாமா" என்கிறீர்கள். அந்தச் 'சொல்லுங்க'வுக்கு அப்புறம் எனக்கு நாக்கு எழுவதில்லை. "அங்க மழையா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். இந்தப் பத்து மாதத்தில் பதினோரு தடவை உங்களிடம் சென்னை மழையை விசாரித்திருக்கிறேன், அதில் மூன்று தடவை சித்திரை மாதம். பேசித் தீராததை எழுதித்தான் தீர்க்க வேண்டும் என்று, வீட்டில் டிவி சத்தம் தாங்காமல், தோட்டத்து மோட்டார் ரூமில் வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். நல்லதை முதலில் சொல்லிவிட்டால் கெட்டதைக் கேட்கிறவர்கள் பாதியில் எழுந்து போகமாட்டார்கள் என்பதால் நன்றியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

தலைத் தீபாவளியை நான் உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை, நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இருந்தாலும் என் வாயால் ஒரு தடவை சொன்னால்தான் சரி. எண்ணெய்க் குளியல் முடிந்து, புது வேட்டியோடு, பையிலிருந்து கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து எங்கள் டிவியில் மாட்டினீர்கள். ஜப்பான்காரர்கள் முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்த பழைய விளையாட்டாம், ஒரு வீரன் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து கடைசியில் இருட்டு ராஜாவை அடிக்கிற கதையாம், அதையே இப்போது புதிதாக வர்ணம் பூசி விட்டிருக்கிறார்களாம். மூன்று நாள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். மூன்றாம் நாள் கன்ட்ரோலரை என் பக்கம் நீட்டி, "மாமா, நீங்களும் வந்து ஒக்காருங்க" என்றீர்கள். அந்த நேரம் பார்த்து வீட்டில் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர். அவர்கள் சிரிக்கட்டும் என்று, "மாப்பிள்ளையை வரச் சொன்னா பேரன்ல வந்திருக்கான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நீங்கள் சிரிக்கவில்லை. பெட்டியை அணைத்தீர்கள், இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தீர்கள், மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். பெட்டி மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. உங்கள் அத்தை அதன் மேல் சிநேகாவின் பழைய துப்பட்டாவைப் போர்த்தி, வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தாள்.

ஆடியில் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். உங்களுக்கும் சொல்லி அனுப்பினோம், ஆபீசில் லீவு இல்லை என்றீர்கள், சிநேகா மட்டும் வந்தாள். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். காப்புக் கட்டும்போது ஊரில் இருக்கிறவர்கள், எட்டாம் நாள் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது, கவிச்சி தொடக் கூடாது. நான் ஒரு ராத்திரி தங்க வேண்டிய சந்தைக்கும் போக முடியாமல், காய்ந்த வயலில் செய்ய வேலையும் இல்லாமல், வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பந்தலுக்குக் குழி தோண்டிய பையன்கள் கேபிள் வயரையும் சேர்த்துத் தோண்டிவிட்டதால் டிவியும் இல்லை. நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் சிநேகாதான் துப்பட்டாவை எடுத்தாள். "அய்யா, செத்த நேரம் இதைப் பாத்துக்கிட்டு இருங்க. நான் மாடியில மீட்டிங்கை முடிச்சுட்டு வாரேன்" என்று பெட்டியைப் போட்டுக் கொடுத்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று காட்டிவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளை, அங்கே நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். ஒரு மலைக்குகை வாசல், செஞ்சட்டை போட்ட இளைஞன் ஒருவன், அவன் தலைக்கு மேல் 'நாகா' என்று பெயர். பக்கத்தில் தோளில் கோடாலியோடு ஒரு பெரிய மனிதர், அவர் பெயர் 'வீரா'. இருவருக்கும் மூச்சு ஏறி இறங்குகிறது, நடப்பதற்குத் தயாராக நிற்கிறார்கள், ஆனால் நடக்கவில்லை. நான் வாயைத் திறந்த நிமிஷத்தில் நீங்கள் எங்கே விட்டீர்களோ அங்கேயே ஒன்பது மாதமாக நிற்கிறீர்கள். வெயிலில் நிற்கிற மருமகனை உள்ளே கூப்பிடாத மாமனார் உண்டா? பொத்தானை அமுக்கினேன், குகைக்குள் போய்விட்டீர்கள். உள்ளே வைக்கோல் போர் உயரத்துக்கு ஒரு கல் ஆமை, வாயிலிருந்து நெருப்பு. ஒரே ஊது, இரண்டு பேரும் கீழே விழுந்தீர்கள்.

அங்கேதான் வினை. மாவிளக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்த உங்கள் அத்தை நிமிர்ந்து பார்த்தாள், பார்த்ததும் சல்லடையைப் போட்டுவிட்டு, "அய்யய்யோ, மாப்பிள்ளை போயிட்டாகளே! நம்ம மாப்பிள்ளை போயிட்டாகளே!" என்று அலறினாள். அடுத்த வீட்டுப் பாண்டியம்மாளுக்கு அது கேட்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நான் சத்தமாக, "மாப்பிள்ளை, பார்த்து வாங்க, உள்ள இருட்டா இருக்கு" என்று சொன்னதையும் அவள் கேட்டிருக்கிறாள். நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டீர்கள், வந்த இடத்தில் உயிரும் போய்விட்டது என்று முடிவு செய்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு அவள் கோயிலுக்கு ஓடினாள். காப்புக் கட்டிய ஊரில் ஒரு சாவு விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கும்மி நின்றது. மேளம் நின்றது. விழாக் கமிட்டித் தலைவர் தர்மராஜ் முன்னால் வர, பூசாரி காளீஸ்வரன் பின்னால் வர, நாற்பது பேர் எங்கள் வாசலில் நின்றார்கள். பெண்கள் அழுவதற்கு ஆயத்தமாக முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

"எங்கய்யா மாப்பிள்ளை?" என்றார் தர்மராஜ். நான் டிவியைக் காட்டினேன். அதற்குள் நீங்கள் அங்கே ஒரு சின்ன ஊர்க் கோயிலில், தாடி வைத்த ஒரு சாமியார் முன்னால் கண்விழித்து எழுந்து நின்றுகொண்டிருந்தீர்கள். தர்மராஜ் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு உங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"உசுரு இருக்கா?"

"இருக்கு. பாதி உசுருதான். சத்திரத்துல ஒரு தூக்கம் போட்டா முழுசும் வந்துருமாம்."

அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் பூசாரி பக்கம் திரும்பி, "தீட்டு உண்டாய்யா?" என்று கேட்டார். நாற்பது பேரும் வாசலிலேயே நின்று அதை விவாதித்தார்கள். செத்தவர் எழுந்துவிட்டால் தீட்டா என்று ஒரு கட்சி, எழுந்ததே கோயிலில்தானே என்று இன்னொரு கட்சி. கடைசியில் காளீஸ்வரன் தீர்ப்புச் சொன்னார்: "தீட்டு இல்லை. ஆனா ஒண்ணு. காப்புக் கட்டையில மாப்பிள்ளை இந்த வீட்டுக்குள்ளதானே இருந்திருக்காரு? அப்ப அவரும் ஊர்க்கணக்குத்தான். எல்லை தாண்டினதாலதான் ஆமை அடிச்சிருக்கு. காப்பு அவுக்குற வரைக்கும் அந்த ஆளை எங்கயும் வெளிய தங்க விடாதீக." சொல்லிவிட்டு மஞ்சள் கயிறு ஒன்றை எடுத்து உங்கள் கன்ட்ரோலரில் கட்டினார்.

நான் கேலிக்காரன்தான், ஆனால் அம்மன் விஷயத்தில் கேலி செய்கிறவன் இல்லை. சிநேகா மாடியிலிருந்து இறங்கி வந்து, "அய்யா, இது வெறும் கேம்" என்றாள். "கேம்னு உனக்குத் தெரியும், சாமிக்குத் தெரியுமா?" என்றேன். அன்றிலிருந்து ஏழு நாள் உங்களை அந்தச் சின்ன ஊரின் வேலிக்கு அப்பால் ஒரு கூப்பிடு தூரத்துக்கு மேல் நான் விடவில்லை. அங்கே வாலில் மணி கட்டிய தவளைகள் குதித்து வரும். அவைதான் அந்தப் பக்கத்திலேயே சோப்ளாங்கிப் பிராணிகளாம், விவரம் தெரிந்தவர்கள் அவற்றைத் திரும்பியும் பார்க்கமாட்டார்களாம். நான் வேறு எங்கே போவேன்? காலையிலிருந்து தவளை, மத்தியானம் தவளை, பொழுது சாய்ந்து டிவியில் வானம் சிவந்ததும் ஊருக்குள் வந்து சத்திரத்தில் படுக்கை. சத்திரத்துக்காரன் முதல் நாள் முழுக்கோழி வறுத்து மேசையில் வைத்தான். "காப்புக் கட்டியிருக்கையில கோழியா?" என்று உங்கள் அத்தை ஒரே பிடி, அதற்கப்புறம் நீங்கள் ஏழு நாளும் சாப்பிடாமல்தான் படுத்தீர்கள், அதற்கு என்னை மன்னிக்க வேண்டும். தினமும் கும்மிக்குப் போகிற வழியில் தர்மராஜ் ஜன்னலில் தலையை நீட்டி, "மாப்பிள்ளை ஊருக்குள்ள வந்துட்டாரா?" என்று கேட்டு, "வந்துட்டாரு" என்று நான் சொன்ன பிறகுதான் நகர்வார். ஏழு நாளில் எத்தனை தவளை என்று எனக்குத் தெரியாது. என் கட்டைவிரல் மட்டும் வீங்கிப் போனது. காப்பு அவிழ்ந்ததும் முதுகுளத்தூர் டாக்டரிடம் காட்டினேன். என்ன வேலை செய்தீர்கள் என்றார், தவளை அடித்தேன் என்றேன். ஊசி போட வந்தவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, சர்க்கரை இருக்கிறதா, சரியாகத் தூங்குகிறேனா என்று கேட்டார்.

இனிமேல் வருவதுதான் குற்றம். காப்பு அவிழ்த்த மறுநாள், சிநேகா மாடியில் மீட்டிங்கில் இருந்த நேரம், பாதி ஊர் எங்கள் வீட்டில் கூடியிருந்தது. ஏழு நாள் உங்களைக் காவல் காத்தவர்கள் அல்லவா, ஆமையிடம் நீங்கள் என்ன ஆகிறீர்கள் என்று பார்க்காமல் அவர்களுக்குச் சோறு இறங்குமா? குகைக்குள் போனோம். ஆமை வாயைத் திறந்தது, நெருப்பு வந்தது, உங்கள் மேல் பட்டுப் பொசுக்கென்று அணைந்தது. நீங்கள் ஒரு வெட்டு, வீரா ஒரு வெட்டு, ஆமை அவ்வளவுதான். தவளை அடித்து அடித்து உங்களுக்கு உடம்பு அப்படி ஏறிப் போயிருந்திருக்கிறது! தர்மராஜ் துண்டைச் சுழற்றினார், பாண்டியம்மாள் குலவை போட்டாள். சத்தம் கேட்டுச் சிநேகா இறங்கி வந்தாள். செத்துக் கிடந்த ஆமையைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், அவள் முகம் விழுந்துவிட்டது. கூட்டம் கலைந்த பிறகுதான் கேட்டாள்.

"அய்யா, அந்த வீரா யாருன்னு நெனச்சீக?"

கல்யாணப் பத்திரிகையில் 'அமரர் வீரமணி அவர்களின் குமாரர்' என்று அச்சடித்து ஆயிரம் வீட்டுக்குக் கொடுத்தவன் நான். வீராவோடு ஏழு நாள் தவளை அடித்திருக்கிறேன். இருந்தும் என் மண்டையில் ஏறவில்லை மாப்பிள்ளை. உங்கள் அய்யா பரமக்குடி பஸ்ஸில் கண்டக்டராக இருந்ததும், உங்களுக்குப் பத்து வயதில் கீழக்கரையில் யார் வீட்டிலோ வெளிநாட்டிலிருந்து வந்த இதே விளையாட்டின் பழைய கேசட்டை வாங்கி வந்ததும், அது முழுக்க ஜப்பான் எழுத்து என்பதால் இரண்டு பேரும் எதை அமுக்கினால் என்ன வரும் என்று அமுக்கி அமுக்கிப் பார்த்து, 'குடிசை போட்ட எழுத்து வந்தால் கத்தி, ஏணி மாதிரி வந்தால் மருந்து' என்று அவர் ட்யூட்டி நோட்டின் பின்பக்கத்தில் வரைந்து வைத்ததும், கல் ஆமை வரைக்கும் வந்து அதைத் தாண்ட முடியாமல் லீவு நாளெல்லாம் தோற்றதும், ஒரு லீவு நாளுக்கு முன்னால் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். புதுசு வந்தவுடன் வாங்கி, அய்யா பெயரைக் கூட்டாளிக்கு வைத்து, ஆமை வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தி, "எங்க அய்யா இருந்த எடத்துல மாமா ஒக்காரட்டும், சேர்ந்து அடிக்கலாம்" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் என் பக்கம் கன்ட்ரோலரை நீட்டினீர்களாம். நான் என்ன சொன்னேன் என்பது மேலே எழுதியிருக்கிறது, மறுபடியும் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆக, உங்களை அவமானப்படுத்தியதும் நான். நீங்களும் உங்கள் அய்யாவும் அடித்திருக்க வேண்டிய ஆமையை, உங்களைக் கேட்காமல், ஊரைக் கூட்டி அடித்ததும் நான். "அவருகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க" என்று சிநேகா சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம். ஒரு தடவை செத்த ஆமை திரும்ப வராதாம், கேட்டுப் பார்த்தேன். என்னை மன்னித்துவிடுங்கள் மாப்பிள்ளை. எனக்கு அறுபத்தொரு வயது, இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை, அதனால் எங்கே வைத்துச் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை, இங்கேயே வைத்துவிடுகிறேன்.

அன்றைக்கு நான் முகம் கழுவப் போகிற சாக்கில் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வந்தபோது சிநேகா அந்தச் சின்ன ஊரின் சத்திரத்துக்குள் உங்களை நடத்திக்கொண்டு போய், மூலையிலிருந்த ஒரு மேசையைக் காட்டினாள். அங்கே குட்டையாக, மீசையோடு ஒருவன், கையில் ஆயுதம் இல்லாமல், சாதாரணத் துணியில் உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேல் 'குரு', அதற்குக் கீழே 'வியாபாரி'. நீங்கள் அன்றைக்கே என்னைச் சேர்த்து எழுதி வைத்திருக்கிறீர்கள். நீங்கள் குகை வாசலில் நின்ற ஒன்பது மாதமும் நான் சத்திரத்தில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருந்திருக்கிறேன், எனக்குத்தான் தெரியவில்லை. என்னை எதற்கு வியாபாரி என்று போட்டிருக்கிறீர்கள் என்று முதலில் கோபம் வந்தது. நான் ஏழு தலைமுறை விவசாயி. அந்த விளையாட்டில் விவசாயி கிடையாதாம், வியாபாரிதான் கிட்டத்தில் வருவானாம் என்று சிநேகா சமாதானம் சொன்னாள். உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புகிற கூட்டத்தில் ஒரு விவசாயிக்கு இடமில்லை என்று நினைத்தவர்கள் என்ன சாப்பிட்டார்களோ தெரியவில்லை.

என்னை நானே கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் தவளையே என்னை அடித்துப் போட்டது. ஊரே பார்க்க நான் தவளையிடம் செத்தேன், அதற்கு உங்கள் அத்தை அழவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். நீங்கள்தான் மருந்து கொடுத்து எழுப்பினீர்கள். பொத்தானை அமுக்கியது நான் என்றாலும், கொடுத்தது உங்கள் கை. இந்த ஒரு மாதத்தில் அப்படி எத்தனையோ தடவை. நெருப்பு வந்தால் வீரா முன்னால் போய் நிற்கிறார், பின்னால் நீங்கள், உங்களுக்கும் பின்னால் நான். சம்பந்தியோடு உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிக்கக் கொடுத்து வைக்கவில்லை எனக்கு, ஆனால் ஒரு மாதமாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். நல்ல அகலமான முதுகு.

ஒரு விஷயத்தில் மட்டும் சிநேகாவுக்கும் எனக்கும் சண்டை. ஊருக்குள் போனால் யார் வீட்டுக்குள்ளும் நுழைந்து அடுக்குப் பானையை உடைத்து, பெட்டியைத் திறந்து, இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டுமாம், அதுதான் ஆட்டத்தின் முறையாம். "மாப்பிள்ளை பேரை வச்சுக்கிட்டு வீடு பூந்து திருடவா? நாளைக்கு எவனாவது எங்கிட்ட வந்து கேட்டா என்ன சொல்லுவேன்?" என்று மறுத்துவிட்டேன். வீட்டுக்காரர்களிடம் பேசுவது, கும்பிடுவது, வந்துவிடுவது. அதனால் ஒரு கிழவி வீட்டுப் பானைக்குள் இருந்த கோட்டைச் சாவி கிடைக்காமல் நாலு நாள் கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் சிநேகா, நான் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம் பானையை உடைத்துவிட்டாள். அந்தக் கிழவி அதற்கப்புறமும் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள், நான்தான் அந்தத் தெருப்பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை, சிநேகாவும் நானும் இதற்கு முன்னால் இவ்வளவு பேசியதில்லை. "சாப்பிட்டியாத்தா?", "ஆச்சுய்யா", அவ்வளவுதான் எங்கள் பேச்சு, இருபத்தாறு வருஷமாக. இப்போது அவள் மீட்டிங் முடிந்து இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டத்தில் வருகிறவர்கள் பேசுகிற இங்கிலீஷை எனக்குத் தமிழில் சொல்கிறாள், நான் அதற்குப் பதில் சொல்கிறேன், அவள் சிரிக்கிறாள். நீங்கள் எப்படிச் சிரிப்பீர்கள், எதற்குக் கோபப்படுவீர்கள் என்றெல்லாம் நடுநடுவே சொல்கிறாள். எனக்கு ஒரு மகனைப் பற்றித் தெரிந்துகொள்கிற மாதிரி இருக்கிறது. இதெல்லாம் நீங்கள் விட்டுப் போன பெட்டியால் வந்தது. கோபத்தில் போன மனிதன் அதைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம், நீங்கள் விட்டுவிட்டுப் போனீர்கள். அதற்குத்தான் முதலில் சொன்ன அந்த நன்றி. வாய்விட்டுச் சொல்கிறேன், நீங்கள் எனக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடைசிக் கோட்டையின் கடைசிக் கதவுக்கு வந்துவிட்டோம். உள்ளே இருட்டு ராஜா இருக்கிறான், கதவு இடுக்கில் கறுப்புப் புகை வருகிறது. ஐந்து நாளாக உங்களை அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆமையைத்தான் உங்களிடமிருந்து எடுத்துவிட்டேன், ராஜாவை எடுக்கமாட்டேன். அவனை நீங்களும் உங்கள் அய்யாவும்தான் அடிக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், கேட்டால் மட்டும் வாயைத் திறக்கிறேன். அந்தக் கதவை இந்த வீட்டில் ஒருவரும் தொடவில்லை, தொடவும் மாட்டார்கள், இது அம்மன் மேல் ஆணை. தர்மராஜ்கூடத் தினமும் வந்து கதவைப் பார்த்துவிட்டுத் தொடாமல்தான் போகிறார். வருகிற வெள்ளிக்கிழமை புறப்பட்டு வந்து, நாலு நாள் தங்கி, ராஜாவை முடித்து, சிநேகாவையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். உங்களை அழைக்கப் பரமக்குடி ஸ்டேஷனுக்கு நானே வந்து நிற்பேன். தலைத் தீபாவளியில் நீங்கள் பாதியில் விட்ட இலையை நினைத்து உங்கள் அத்தை இன்னும் மறுகுகிறாள், அதற்கும் சேர்த்துச் சமைப்பாள்.

நீங்களும் சிநேகாவும் ஆல்போல் தழைத்து, நோய் நொடி அண்டாமல், போகிற ஊரிலெல்லாம் படுக்க ஒரு சத்திரமும் பசிக்கு ஒரு கோழியும் கிடைத்து நீடூழி வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டத்தில் கடைசியாக நடந்து வருகிற
மாமனார் குருநாதன்.

பின்குறிப்பு: கவருக்காக வீட்டுக்கு வந்தேன். வந்திருக்கக் கூடாது. உங்கள் அத்தை அரிசி களைந்த ஈரக் கையோடு டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், மடியில் கன்ட்ரோலர், பக்கத்தில் பாண்டியம்மாள். டிவியில் ஜப்பான்காரர்களின் பெயர்கள் கீழேயிருந்து மேலே போய்க்கொண்டிருந்தன. ராஜாவை அடித்து முடித்துவிட்டாள் மாப்பிள்ளை! "ஏண்டி, என்ன காரியம் பண்ணியிருக்க?" என்றேன். "தூசி தட்டையில கை பட்டுக் கதவு தொறந்துக்கிச்சு. உள்ள இருந்து ஒருத்தன் அடிக்க வாரான். மாப்பிள்ளையை அடிக்க வாரவனைப் பாத்துக்கிட்டுச் சும்மா நிக்கச் சொல்லுறீகளா?" என்கிறாள். ஒரு மாதமாக நான் தோட்டத்துக்குப் போகிற நேரமெல்லாம் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து பழகியிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் வெளியே வருகிறது. நான் மேலே கதவைப் பற்றிச் செய்த ஆணை இருக்கிறதே, அதை அடித்துத் திருத்தலாம் என்றால் பேனா ஓடமாட்டேன் என்கிறது. அம்மன் என்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

சிநேகா ஓடி வந்து பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை, கதை முடிந்ததும் ஆட்டம் திரும்பவும் கதவுக்கு முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்திவிடும், ராஜா உள்ளே உயிரோடுதான் இருப்பான் என்கிறாள். பெட்டியை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தோம், மூன்று பேரும் கதவுக்கு முன்னால்தான் நிற்கிறோம். ஆகவே வெள்ளிக்கிழமை நீங்கள் வரத்தான் வேண்டும். முடிவு என்ன என்று எனக்கும் தெரியாது, உங்கள் அத்தை சொல்லமாட்டேன் என்கிறாள். "மொதல்ல மாப்பிள்ளை வந்து பாக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன், உங்களுக்கும்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய், வேறு எதுவும் வேண்டாம், சம்பந்தி என்ன ஆனார் என்று மட்டும் சொல் என்று கேட்டேன். திரும்பி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருக்காக. கடைசி வரைக்கும் மகன் பக்கத்துலதான் நின்னாக" என்றாள்.